டிரம்மின் அடி

அத்தியாயம் 17

பட்டன் எழுந்திருக்கவில்லை.

மற்ற நான்கும் கூண்டுக் கம்பியில் மூக்கை அழுத்தி நின்றன. தட்டுச் சத்தம் கேட்டால் கொட்டகையே அதிரும். பட்டன் மட்டும் மூலையில், பழைய போர்வைமேல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கிடந்தது.

பெரியவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“டேய் கிழவா. எழுந்திருடா.”

வால் ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

பெரியவள் தம்பியைவிட ஏழு வயது மூத்தவள். நான்கு மாதம் முன்பு கணவன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியுடன் இங்கே வந்தாள். ஏன் வந்தாள் என்று வீட்டில் பேசித் தீர்த்துவிட்டார்கள். எப்போது போவாள் என்பதுதான் பேசப்படாமல் இருந்தது. முந்தாநாள் மத்தியானம் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் மனைவி அதையும் கேட்டுவிட்டாள்.

“உங்க அக்கா இன்னும் எத்தனை நாளைக்கு?”

தம்பி என்ன சொன்னான் என்பது குழாய்ச் சத்தத்தில் போய்விட்டது.

கொட்டகை தம்பியின் மனைவியுடையது. வெளியூர் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்கள் தங்கள் நாய்களை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தீனி போடுவது பெரியவளின் வேலை. யாரும் கொடுக்கவில்லை. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

பட்டன் ஒரு தையல்காரரின் நாய். பன்னிரண்டு வயது. கைப்பைக்குள் அடங்கும் உடம்பு. பல் என்று சொல்ல மூன்றோ நான்கோ. தையல்காரருக்கு விழித்திரையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பத்து நாள் குப்புறவே படுக்க வேண்டும், எழுந்தாலும் தலை குனிந்தபடியே இருக்க வேண்டும், நிமிர்ந்தால் ஒட்டவைத்தது கழன்றுவிடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். குப்புறக் கிடக்கிறவர் முகத்தை நாய் நக்காமல் விடாது. அதனால் இங்கே.

இன்று ஏழாவது நாள்.

பெரியவள் குனிந்து அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு மஞ்சளாக இருந்தது.

“ஏம்மா,” என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். “கொஞ்சம் வா.”

*

கால்நடை மருத்துவமனையில் மேசை குளிர்ந்திருந்தது. பட்டனுக்கு அடியில் தம்பியின் மனைவி தன் துப்பட்டாவை விரித்தாள். தம்பி வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

டாக்டரம்மா கண்ணை விரித்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். பட்டன் முனகியது.

“வாந்தி?”

“நேத்து சாயந்திரம் ஒரு தடவை,” என்றாள் பெரியவள். “புல்லு தின்னுருக்கும்னு நெனச்சேன்.”

“என்ன போடறீங்க?”

“காய்ஞ்ச தீனிதான் டாக்டர். வேற எதுவும் குடுக்கறதில்ல,” என்றாள் தம்பியின் மனைவி.

“அந்த மூட்டை வேணும். மேல ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்க. எந்த நாள்ல, எந்த மிஷின்ல போட்டதுன்னு. கம்பெனியில கேக்கறதுக்கு அது வேணும்.”

தம்பியின் மனைவி பெரியவளைப் பார்த்தாள்.

“டிரம்ல கொட்டின உடனே மூட்டையத் தூக்கிப் போட்டுடுவேன்,” என்றாள் பெரியவள். “அடைசலா கெடக்கேன்னு.”

டாக்டரம்மா மூச்சை விட்டார். இதைப் பலருக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்த மூச்சு.

“மூட்டையப் பிரிச்சா கொட்டக் கூடாதும்மா. வாயை மடிச்சு, கிளிப் போட்டு, மூட்டையோட டிரம்முக்குள்ள எறக்கணும். அந்தப் பை சும்மா பை இல்ல. உள்ள இருக்கற எண்ணெய் சிக்கு அடிக்காம இருக்கத்தான் அப்படிச் செஞ்சிருக்காங்க. சரி. டிரம்மையாவது கழுவறதுண்டா?”

“ஒவ்வொரு மூட்டைக்கும் கழுவுவாங்க டாக்டர்,” என்றாள் தம்பியின் மனைவி. “பழசு மேல புதுசக் கொட்டவே மாட்டாங்க. எங்க அண்ணி கை பட்டா கண்ணாடிதான்.”

நான்கு மாதத்தில் அவள் பெரியவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

“காய வெக்கறீங்களா?”

“தொடைச்சிடுவேன்.”

“தொடைக்கறது இல்லம்மா. காயறது.”

“இந்த மூட்டை பிரிச்சன்னிக்கு மழை,” என்றாள் பெரியவள். “ரெண்டு தடவை தொடைச்சேன்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“மத்த நாய்ங்க?”

“அதே டிரம்தான்,” என்று தம்பி முந்திக்கொண்டான். “நாலும் காலையில குதிச்சிக்கிட்டு இருந்துச்சு. தட்டை விட்டா எங்க அக்காவையே தின்னுடும்.”

“எல்லாத்துக்கும் ஒரே தீனி, ஒரே டிரம்?”

“ஆமா.”

“அப்போ தீனியா இல்லாமலும் இருக்கலாம். எதுக்கும் அதை நிறுத்துங்க. புதுசா ஒரு மூட்டை வாங்கிப் போடுங்க. வயசான நாய், ஈரல்ல வேற ஏதாவது இருக்கும். எலிக்காய்ச்சலுக்கும் பாத்துடறேன்.”

தம்பியின் தோள் நிம்மதியில் இறங்கியது. அவன் மனைவி பட்டனின் காதுக்கு நடுவே தடவிக் கொடுத்தாள்.

பெரியவள் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.



*

தம்பியின் மனைவி பட்டனுடன் இருந்துகொண்டாள். மற்ற நாய்களைப் பார்க்க ஆள் வேண்டும். தம்பி அக்காவை வீட்டில் இறக்கிவிட வந்தான்.

“நீ ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? டாக்டரே தீனி இல்லன்னுட்டாங்க.”

“இருக்கலாம்னுதான் சொன்னாங்க.”

“இல்லாமலும் இருக்கலாம்னு சொன்னாங்க. அதைப் புடிச்சுக்கோ.” சிரித்தான். “நீ கழுவற கழுவுக்கு நாய் மேல இருக்கற புள்ளியே போயிடும். உன் டிரம்லயா கிருமி வரப்போவுது?”

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

“தம்பி.”

“என்ன?”

அவன் போன் அடித்தது. எடுத்தான். கேட்டான். “எத்தனை பேர் உள்ள? சரி, கத்த வேணாம்னு சொல்லுங்க. வந்துட்டேன்.” வைத்தான். “லிஃப்ட் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சாம். உள்ள ஒருத்தர் என்னோட அப்பா வரைக்கும் திட்டி முடிச்சிட்டாராம். உனக்கும் அவர்தான் அப்பா, பாத்துக்க. என்ன சொல்ல வந்தே?”

“ஒண்ணுமில்ல. பாத்துப் போ.”

*

டிரம் கொட்டகையின் உள்மூலையில், செங்கல் மேல் இருந்தது. நீல நிறம். பெரியவளின் இடுப்புக்கு வரும். வெளியே ஒரு தூசி இல்லை. மேலே சுவரில் தம்பியின் மனைவி எழுதி ஒட்டிய தாள்: ‘புது மூட்டை போடும் முன் டிரம்மைக் கழுவவும்.’ எழுதியபடி இவள் செய்தாள். எழுதாததைச் செய்யவில்லை.

முற்றத்தில் செய்தித்தாளை விரித்தாள். டிரம்மைச் சாய்த்தாள்.

முதலில் வந்தது நல்ல தீனி. உருண்டை உருண்டையாக, காய்ந்து, கலகலவென்று. மற்ற நான்கு நாய்களுக்கும் போனது இது. கிண்ணத்தால் மேலிருந்து அள்ளுவாள், போடுவாள்.

பட்டனால் உருண்டையைக் கடிக்க முடியாது. முதல் நாளே பார்த்தாள். வாயில் போட்டு, உருட்டி, கீழே துப்பிவிட்டு அவளைப் பார்த்தது. மறுநாளிலிருந்து டிரம்மின் ஓரமாகக் கையை விட்டாள். தோள்வரை போகும். அடியில் உடைந்ததும் நொறுங்கியதும் தூளாகச் சேர்ந்திருக்கும். அதை ஒரு பிடி எடுத்து, வெந்நீரில் குழைத்து, விரலால் ஊட்டுவாள். பட்டன் விரலையும் சேர்த்து நக்கும்.

தூள் கையில் கொஞ்சம் பிசுபிசுத்தது. எண்ணெய் என்று நினைத்தாள்.

டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி தட்டினாள். தட்டையாக ஒரு வட்டம், அடை போல, பொத்தென்று விழுந்தது. அடிப்பக்கம் சாம்பலும் பச்சையும். ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு. ஒரு பக்கம் மட்டும் குழிவாகத் தோண்டியிருந்தது. ஒரு கை அளவுக் குழி.

நனைந்த சாக்கு வாடை எழுந்தது.

கூண்டுகளில் நான்கு நாய்களும் அமைதியாக நின்று பார்த்தன.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசி அடித்தது. தையல்காரர். தினமும் காலையில் கூப்பிடுவார். அடித்து ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தது. அதையும் பார்த்தாள்.

பிறகு எழுந்து, மூடி உள்ள டப்பா ஒன்றைத் தேடி, அந்த வட்டத்தை உடைக்காமல் அதில் வைத்தாள். மூன்றாவது அழைப்பு வந்தபோது தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.

*

டாக்டரம்மா டப்பாவைத் திறந்தார். மூடினார்.

“இதையா?”

“அவனுக்கு மட்டும்,” என்றாள் பெரியவள். “பல் இல்லன்னு. அடியில தூளா இருந்துச்சு. அஞ்சு நாளா.”

தம்பியின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“காலையில ஏன் சொல்லல?”

பெரியவள் டப்பாவை மேசையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

“அண்ணி, உங்களத்தான் கேக்கறேன். டாக்டர் அவ்வளவு தூரம் கேட்டாங்களே. பக்கத்துலதானே நின்னீங்க?”

“போகச் சொல்லிடுவீங்கன்னு…”

“எங்க போக?” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முகம் மாறியது. “கேட்டுட்டீங்களா?”

“சுவர் மெலிசு.”

“அதுக்கு ஒரு உயிரு போகணுமா?”

இருவரும் பட்டனைப் பார்த்தார்கள். முன்காலில் ஊசி, மேலே தொங்கும் பாட்டில். ஊசியைச் சுற்றிய பஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது.

“மூணு தடவை மாத்திட்டேன்,” என்றார் டாக்டரம்மா. “ரத்தம் ஒறையல. பூஞ்சைல வர்ற நஞ்சு ஈரலைத்தான் அடிக்கும். ஊற வெச்சாலும் போகாது, வேக வெச்சாலும் போகாது.”

“காலையிலயே சொல்லியிருந்தா?” என்றாள் பெரியவள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

“தெரியல. ரெண்டு மணி நேரம் போச்சு. அதுல என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது.” பிறகு சொன்னார்: “இனிமே ரெண்டு வழிதான். ரத்தம் ஏத்திப் பாக்கலாம். இந்த வயசுல தாங்குமான்னு சந்தேகம். பாதியிலயே போயிடலாம், கஷ்டப்பட்டு. இல்லன்னா வலியில்லாம ஊசி போட்டு அனுப்பிடலாம். எதுவா இருந்தாலும் சொந்தக்காரர் சொல்லணும். நான் முடிவெடுக்க முடியாது. நீங்களும் முடியாது. ஒரு மணிக்குள்ள சொல்லுங்க.”

தம்பியின் மனைவி கைப்பேசியை எடுத்தாள்.

“வேணாம்,” என்றாள் பெரியவள். “போன்ல சொன்னா எழுந்துடுவாரு.”

“சொல்லாம இருக்க முடியுமா? அவரு நாய்.”

“நேர்ல போறேன். பக்கத்துல ஆள் இருக்கணும்.”

“நான் போறேன் அண்ணி.”

“நான் ஊட்டினது. நான்தான் போகணும். நீ இவன்கிட்ட இரு.”

தம்பியின் மனைவி வாசல்வரை வந்து, பெரியவள் மறந்து வைத்த கைப்பையை அவள் தோளில் மாட்டிவிட்டாள். அது கோபமா, இல்லையா என்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை.

*

தையல் கடை கீழே. அவர் இருப்பது மேலே. படியில் காஜா போடும் பெண் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான்துளை தைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லவேளை வந்தீங்க. மாஸ்டர் காலையிலேர்ந்து உங்களுக்குப் போன் போட்டு என் உசுர வாங்கறாரு. இருக்கீங்கல்ல? நான் போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்.”

துணி வெட்டும் பெரிய மேசையே அவருக்குக் கட்டில் ஆகியிருந்தது. மேலே இரண்டு மெத்தை. விளிம்பில் துணியைச் சுருட்டி வளையமாகத் தைத்து வைத்திருந்தார். நெற்றியை அதில் பதித்து, முகம் வெளியே தொங்க, தரையைப் பார்த்துக் கிடந்தார். ஒரு கண்ணில் கட்டு.

“யாரு? செருப்புச் சத்தம் இல்லையே.”

“நான்தான் மாஸ்டர். பட்டன் இருக்கற வீடு.”

“அம்மா! இப்படி வாங்க. கீழ உக்காருங்க. அப்பத்தான் மூஞ்சி தெரியும்.”

அவள் அவர் முகத்துக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தொங்கிய கன்னங்கள். ஒற்றைக் கண் சிரித்தது.

“ஏழு நாளா இதே தரைதான். இந்தப் பலகையில எத்தனை ஆணின்னு கேளுங்க.”

“எத்தனை மாஸ்டர்?”

“நாப்பத்தொண்ணு. ஒண்ணு வளைஞ்சிருக்கு. தச்சனக் கூப்பிட்டுக் கேக்கணும்.” கண் அவள் முகத்தில் நின்றது. “பய எப்படி இருக்கான்? ஏன் போன் எடுக்கல?”

“வெளிய போயிருந்தேன்.”

“உங்களத் தொந்தரவு பண்றேன். தெரியுது. என்ன பண்றது, வேற வேலை இல்ல. அன்னிக்குச் சொன்னீங்களே, அவனுக்குன்னு தூளாப் பாத்து எடுத்து, வெந்நீர்ல கொழைச்சு ஊட்டறேன்னு. அதைக் கேட்டப்புறம்தாம்மா நான் நிம்மதியாக் கெடக்கேன். நான்கூட அவ்வளவு பாத்ததில்ல. கல்லு மாதிரி இருக்கறதப் போட்டுட்டு, தின்னா தின்னு, இல்லாட்டிப் போன்னு விட்டுடுவேன்.”

அவளால் அதற்கு மேல் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. எழுந்தாள். மேசையின் பக்கமாக வந்து, இரண்டு கையையும் அவர் பின்னந்தலையில் வைத்தாள். முடி குட்டையாக, சூடாக இருந்தது.

“என்னம்மா பண்றீங்க?”

“ஒண்ணு சொல்லணும் மாஸ்டர். தலையத் தூக்கக் கூடாது.”

அவர் அசையவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

“அப்ப சொல்லாதீங்க,” என்றார்.

“சொல்லணும்.”

“இன்னும் மூணு நாள்தானேம்மா. மூணு நாள் கழிச்சுச் சொல்லுங்க.”

“அவன் ஆஸ்பத்திரியில இருக்கான். ஈரல் கெட்டுப்போச்சு. நான் குடுத்த தூள்ல பூஞ்சை. டிரம் ஈரமா இருந்தது எனக்குத் தெரியல. நான்தான் குடுத்தேன்.”

தலை எழும்பியது. அவள் அழுத்தினாள். வயதானவரின் கழுத்தில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முழங்கையை ஊன்றி, உடம்பை வைத்து அழுத்தினாள்.

“விடுங்க.”

“மாட்டேன்.”

“என்னைக் கூட்டிட்டுப் போங்க. குனிஞ்சிக்கிட்டே வரேன்.”

“வண்டி குலுங்கும். கண்ணு போயிடும்.”

“போகட்டும். இன்னொண்ணு இருக்கில்ல?”

“விட மாட்டேன் மாஸ்டர்.”

அவர் கைகள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தன. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. கழுத்தும் தளர்ந்தது. கீழே பலகையில் சொட்டென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அழவும் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

“ரத்தம் ஏத்தலாமாம்,” என்றாள் அவள். “தாங்குமான்னு தெரியலையாம். இல்லன்னா வலியில்லாம அனுப்பிடலாமாம். நீங்கதான் சொல்லணும். ஒரு மணிக்குள்ள.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து.

“அவனைப் பாக்காம நான் எப்படிம்மா சொல்றது?” என்றார்.



அப்போது அவள் கைப்பை அதிர்ந்தது. அறையின் அந்தப் பக்கம், தையல் மிஷின் மேல் வைத்திருந்தாள். பத்தடி தூரம். அவள் எண் இந்த ஊரில் மூன்று பேரிடம்தான் இருந்தது. தம்பி ஏதோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே வேலையாக இருந்தான். ஒருவர் அவள் கைகளுக்குக் கீழே இருந்தார்.

மிச்சம் இருந்தவள் பட்டனின் பக்கத்தில் இருந்தாள்.

“யாரும்மா?” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “ஆஸ்பத்திரியா?”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையை எடுத்தால் அவர் எழுந்துவிடுவார். அவர் தலை மறுபடி உள்ளங்கையை முட்டத் தொடங்கியிருந்தது.

அவள் இன்னும் அழுத்தினாள்.